பொழுது சாய வந்தவருக்கு வைத்த பெயர்

ஆஸ்திரேலிய நாட்டுப்புற வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஸ்வாக்மேன், ஸ்வாகி, சன்டவுனர், வேய்லர், ஹேட்டர், பேக்மேன், டோராகர் என்று வரிசையாகச் சொற்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள், நாடோடி. இந்தப் பட்டியல் எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. ஒரே பொருளுக்கு இத்தனை சொல் எந்த ஊரிலும் சும்மா பிறப்பதில்லை. அந்த ஆள் முதுகில் எதைச் சுமந்தார், எந்தப் பக்கம் நடந்தார், தனியாக வந்தாரா துணையோடு வந்தாரா, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்று ஒவ்வொரு சொல்லும் ஒரு குறிப்பான சேதியைச் சொல்கிறது. வேலை தேடி நடந்த கூலித் தொழிலாளியை நாடோடி என்று எழுதும்போது வேலை என்பதே காணாமல் போய்விடுகிறது. இன்னொரு கோளாறும் இருக்கிறது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை நடந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. சன்டவுனர் என்ற சொல் சோறு போட்டவரின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட தீர்ப்பு. அதை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது, குற்றச்சாட்டையும் பெயரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

முதுகில் இருந்த சுமை

ஸ்வாக் என்ற சொல் லண்டன் திருடர்களின் பேச்சிலிருந்து வந்தது. நாடு கடத்தப்பட்டு நியூ சவுத் வேல்ஸ் வந்த கைதியான ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ், 1812இல் கைதிகளின் மறைமொழிக்கு ஒரு சொற்கோவை தொகுத்தார். அதில் ஸ்வாக் என்றால் மூட்டை. குறிப்பாகக் கைக்கு வந்த களவுப் பொருள். 1851இல் தங்கம் கிடைத்த சேதி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு சுரங்கத் திடல்களை நோக்கி நடந்தார்கள். களவு வாசனை அந்த நடையில் கழன்றுபோய், சுருட்டிய படுக்கைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. சுமந்தவர் ஸ்வாக்மேன் ஆனார். நியூசிலாந்தில் அவரையே ஸ்வாகர் என்றார்கள்.

சுமைக்குத்தான் எத்தனை செல்லப் பெயர்கள்! கம்பளி பெரும்பாலும் நீலமாக இருந்ததால் ப்ளூயி. உருளை வடிவத்தால் டிரம். எங்கிருந்து வந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஷிராலி. பெண் பெயரான மெட்டில்டா. 1895இல் குயின்ஸ்லாந்தில் எழுதப்பட்டு நாட்டுப் பண்ணுக்கு அடுத்தபடி புகழ்பெற்றுவிட்ட ‘வால்ட்ஸிங் மெட்டில்டா’ என்ற பாடல் ஸ்வாக்மேனையும் மெட்டில்டாவையும் உலகமெங்கும் கொண்டுபோனது. அதில் இடம் கிடைக்காத சொற்கள் பழைய செய்தித்தாள்களுக்குள்ளேயே தங்கிவிட்டன.

சுமையைக் கட்டுவது ஒரு கைத்திறன். தரையில் முதலில் ஆள் நீளத்துக்குக் கித்தானையோ காடாத் துணியையோ விரிக்க வேண்டும். அதுவே மழைக்குக் கூரை, பனிக்குத் தரைவிரிப்பு, நடக்கும்போது மேலுறை. அதன்மேல் நீளவாக்கில் மடித்த இரண்டு கம்பளிகள். ஒரு முனையில் மாற்றுச் சட்டை, ஊசி நூல், கடிதங்கள் போன்ற மெல்லிய பொருள்கள். இரு ஓரத்தையும் உள்ளே மடித்து, அந்த முனையிலிருந்து முழங்காலால் அழுத்தி அழுத்திச் சுருட்ட வேண்டும். தளர்ந்த சுருள் பாதி வழியில் பருத்துத் தோளிலிருந்து வழுக்கும். ஒரு நாளில் பத்து முறை நின்று ஏற்றிக் கட்டவேண்டி வரும். இரண்டு மூன்று இடத்தில் வாரால் இறுக்கிய பிறகு, அந்த வார்களுக்கு இடையே தோள்பட்டி. தோல்பட்டி குறுகலானது, தோளை அறுக்கும். ஆகவே அனுபவசாலிகள் மடித்த துண்டைத்தான் பட்டியாகப் போட்டார்கள். சுருள் முதுகில் சாய்வாகக் கிடக்கும். மாவும் தேயிலையும் சர்க்கரையும் உள்ள சாப்பாட்டுப் பை, அதே பட்டியிலிருந்து நெஞ்சுப் பக்கமாகத் தொங்கும். இந்தப் பை முன்பாரம் கொடுப்பதால்தான் முதுகுச் சுமை பின்னுக்கு இழுக்காமல் இருக்கும். பை காலியாகக் காலியாகச் சுமை குறையும் என்று தோன்றும். ஆனால் முன்பாரம் போனதும் பட்டி பின்னோக்கி வலிக்கத் தொடங்கும். வெறும் வயிற்றோடு நடப்பவருக்குத் தோளும் சேர்ந்து வலித்தது.

கையில் பில்லி. கம்பிக் கைப்பிடி வைத்த தகரக் குவளை அது. வெளிப்புறம் கரி ஏறிக் கறுத்துப்போனால்தான் மதிப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு பிடி தேயிலையைப் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். அடுப்பில் விட்டால் சாறு கசந்துவிடும். இலை அடியில் படியக் குவளையின் பக்கவாட்டில் குச்சியால் தட்டுவார்கள், அல்லது கையை நீட்டி முழு வட்டமாகச் சுழற்றுவார்கள். சுழற்றும்போது மேலே போனதும் தயங்கினால் கொதிநீர் தலையில்தான் கொட்டும். ஒரே வேகம் வேண்டும்.

காலுறை வாங்க முடியாதவர்கள் பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். விக்டோரியா அரசியை மணந்த ஜெர்மானிய இளவரசர் வசதியில்லாமல் வந்தவர் என்ற ஏளனத்தில் அந்தத் துணிக்குப் பிரின்ஸ் ஆல்பர்ட் என்று பெயர். அதைச் சுற்றியவர் டோராகர். துணியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அடுத்த ஐந்து மைலில் கொப்புளம் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவிழ்த்து உதறி, உலர்ந்த பக்கம் காலில் படும்படி மறுபடி சுற்ற வேண்டும்.

ஆற்றங்கரையும் ஒற்றைக் குடிசையும்

முர்ரம்பிட்ஜி வேய்லர் என்ற பெயரைக் கேட்டால் கடலில் திமிங்கிலம் பிடித்தவர் என்று நினைக்கத் தோன்றும். முர்ரம்பிட்ஜி, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே ஓடும் ஆறு. அதிலும் மர்ரியிலும் டார்லிங்கிலும் கிடைக்கும் மர்ரி காட் என்ற பெரிய மீனைத்தான் கேலியாகத் திமிங்கிலம் என்றார்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய நன்னீர் மீன் அது. ஒரு கரையோரம் மேலே போய், மறு கரையோரம் கீழே வந்து, வளைவுகளில் தூண்டில் போட்டுக் காலம் கழித்தவர்களே வேய்லர்கள். சோம்பேறி என்ற தொனி இந்தச் சொல்லில் உண்டு. ஆனால் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். மேற்குச் சமவெளியில் ஆற்றை விட்டு விலகிய பாதையில் அடுத்த குளம் வற்றிப்போயிருந்தால் சாவுதான். ஆற்றங்கரையில் தண்ணீர் நிச்சயம், விறகு நிச்சயம், மீன் ஓரளவு நிச்சயம். ஆட்டுப் பண்ணைகளின் வீடுகளும் ஆற்றுமுகமாகவே கட்டப்பட்டிருந்தன. கால்நடையாகப் போகிறவர் ஆற்றைப் பிடித்துக்கொண்டதில் சோம்பலைவிடப் புத்திதான் அதிகம்.

ஹேட்டர் வேறு வகை. சுரங்கத் திடலில் கூட்டாளி இல்லாமல் ஒற்றையாய்த் தோண்டியவரைக் குறித்த சொல். அவருடைய தொப்பிக்குக் கீழே அடங்குவதுதான் அவர் குடும்பம் முழுவதும் என்று விளக்கம் சொல்வார்கள். பிறகு தனிக்குடிசையில் வாழ்ந்த ஆட்டிடையர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆடுகளைத் தவிர வேறு உயிரின் குரல் கேட்காமல் மாதக்கணக்கில் இருந்தவர்கள் தமக்குத்தாமே பேச ஆரம்பித்தார்கள். சொல்லும் தனியாள் என்பதிலிருந்து புத்தி பேதலித்தவர் என்பதை நோக்கி நகர்ந்தது. அவர்களைப் பாதையில் இறக்கிவிட்டது கம்பி வேலி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி போட்டதும், மந்தைக்கு ஒரு இடையர் என்ற தேவை ஒழிந்தது. குதிரையில் எல்லையைச் சுற்றிவரச் சிலர் போதும். மீதிப் பேர் மூட்டையைச் சுருட்டினார்கள்.

வேலை தேடி நடையில் இருப்பதை ‘வாலபியில் இருக்கிறான்’ என்றார்கள். வாலபி கங்காருவின் சிறிய உறவு. அது புதருக்குள் போட்டுவைத்த தடம் வளைந்து வளைந்து, சில இடத்தில் மறைந்து மறுபடி தோன்றும். எனக்கு இந்த வழக்கில் மிகப் பிடித்த தொடர் இதுதான். நடையைக் குற்றமாகவும் பார்க்கவில்லை, வீரமாகவும் பார்க்கவில்லை. ஆள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

ஒரு பைன்ட் மாவின் கணக்கு

இப்போது சன்டவுனருக்கு வருவோம். வழக்கமான விளக்கம் இது: வேலை கேட்பதுபோல் நடித்து, பகலெல்லாம் மரநிழலில் கிடந்து, வேலை முடியும் நேரமான பொழுது சாயும் வேளைக்குச் சரியாகப் பண்ணை வாசலுக்கு வந்து, மாவும் இறைச்சியும் வாங்கித் தின்றுவிட்டு, விடியுமுன் விறகு பிளக்கச் சொல்வார்களோ என்று நழுவிவிடும் ஆள். நியூசிலாந்தில் அப்படிப்பட்டவரை டஸக்கர் என்றார்கள். டஸக் என்பது அந்த ஊர்க் குத்துப்புல். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். நடந்தவர்களே அவர்களை வெறுத்தார்கள். ஏனென்றால் ஒரு சன்டவுனர் ஏமாற்றிப் போன பண்ணையில் அடுத்து வந்தவருக்குக் கதவு அடைபட்டது. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் வருவது என்பதை மட்டும் வைத்து ஒருவரை இனம்காண முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்பதற்குக் காரணம் மாவிலேயே இருக்கிறது.

பண்ணையில் சம்பளத்துக்கு இருந்த ஆளுக்கு வாரப் படி என்று ஒரு அளவு நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. 10 ராத்தல் மாவு, 10 ராத்தல் இறைச்சி, 2 ராத்தல் சர்க்கரை, கால் ராத்தல் தேயிலை. ‘பத்து, பத்து, இரண்டே கால்’ என்று வாய்ப்பாடாகவே சொல்வார்கள். சில பண்ணைகளில் மாவு 8 ராத்தல். இன்றைய கணக்கில் மாவும் இறைச்சியும் தலா நாலரைக் கிலோ, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 650 கிராம் வீதம். பகல் முழுவதும் உடல் வருத்தி உழைப்பவருக்கு அது பெரிய அளவல்ல. வழிப்போக்கருக்குப் பண்டசாலையில் அளந்து கொடுத்ததோ பல இடங்களில் ஒரு பைன்ட் குவளை மாவு. ஒரு பைன்ட் மாவு ஏறக்குறைய 300 கிராம் நிற்கும். வேலையாள் ஒருநாள் தின்னும் மாவில் பாதிக்கும் குறைவு.

அதை வைத்து டேம்பர் என்ற சாம்பல் ரொட்டியைச் சுட்டால் ஒரு வேளை நிறையும், மறுநாள் காலைக்குக் கொஞ்சம் மிஞ்சும். சுடுகிற விதத்திலும் மாவு வீணாகக்கூடும். மாவில் உப்பும், கிடைத்தால் சோடாவும் சேர்த்து, மரப்பட்டை மேல் கொட்டி, நடுவில் குழி செய்து தண்ணீர் விட்டு, அதிகம் பிசையாமல் இரண்டு விரற்கடைத் தடிப்பில் தட்ட வேண்டும். மாவு தளர்ந்திருந்தால் சாம்பலெல்லாம் அப்பிக்கொள்ளும். நெருப்பு எரிந்து தணிந்த பிறகு கங்கை ஒதுக்கி, சூடான சாம்பலில் வைத்து, மேலும் சாம்பலால் மூட வேண்டும். பசியின் அவசரத்தில் கங்கின் மேலேயே வைத்தால் மேலோடு கருகும், உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். அரை மணிக்கு மேல் ஆனதும் எடுத்துத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வர வேண்டும். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர்கள் சின்னச் சின்ன அப்பங்களாகத் தட்டிச் சுட்டார்கள். அதற்கு ஜானிகேக் என்று பெயர்.

ஒரு பைன்ட் மாவு ஒரு இரவைத்தான் தாங்கும். ஆகவே மறுநாள் இரவுக்குள் அடுத்த பண்ணையை அடைந்தே ஆக வேண்டும். மேற்கே போகப்போகப் பண்ணை வீடுகளுக்கு நடுவே 15, 20 மைல் என்று தூரம் விரியும். முதுகில் 15 கிலோவுக்குக் குறையாத சுமை, கோடையில் நிழலில்லாத வெளி, நடுப்பகலில் நிறுத்தியே தீரவேண்டிய வெயில். காலையில் கிளம்பி மணிக்கு இரண்டரை மைல் நடந்து, உச்சி வேளையில் மூன்று மணிநேரம் ஒதுங்கி, மறுபடி நடந்தால் 20 மைல் முடியும்போது மணி என்ன? பொழுது சாய்கிற நேரம். ஏமாற்றுக்காரரும் நேர்மையாக நடந்தவரும் ஒரே நேரத்தில்தான் அந்த வாசலில் நின்றிருப்பார்கள். வரவேண்டிய நேரத்தைப் பண்ணைகளின் இடைவெளியும் மாவின் அளவும் சேர்ந்து தீர்மானித்தன. அப்படி வந்தவருக்கு வந்த நேரத்தையே வசவாகச் சூட்டினார்கள். இந்தச் சொல்லை அகராதிப் பொருளோடு அப்படியே எடுத்தாளும் போதெல்லாம் நாம் பண்ணை முதலாளியின் தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் முதலாளி ஏன் கொடுத்தார்? தருமம் மட்டும் காரணமல்ல. காய்ந்த புல்வெளியில் ஒரு தீக்குச்சி போதும். வேலியும் மேய்ச்சலும் கம்பளிக் கொட்டகையும் சாம்பலாகிவிடும். பசியோடு திருப்பி அனுப்பப்பட்டவர் என்ன செய்வாரோ என்ற அச்சம் எப்போதும் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் கம்பளி வெட்டு. வெட்டுக்காலம் ஆண்டின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தில் ஆரம்பித்து, நடு ஆண்டுக்குப் பின் நியூ சவுத் வேல்ஸுக்கு இறங்கி, அக்டோபர் நவம்பரில் விக்டோரியாவில் முடியும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு கொட்டகைக்கு டஜன் கணக்கில் வெட்டுக்காரர்களும், கம்பளி பொறுக்கவும் ஆடு அடைக்கவும் ரவுஸபவுட் என்ற எடுபிடிகளும் வேண்டும். மற்ற மாதங்களில் அவர்களை யார் வைத்துச் சோறு போடுவது? பாதைதான் வைத்திருந்தது. ஒரு பைன்ட் மாவு வீதம் பண்ணைகள் எல்லாம் சேர்ந்து தங்கள் அடுத்த பருவத்துக் கூலிப்படையை உயிரோடு வைத்துக்கொண்டன என்றுதான் அந்தக் கொடையைப் படிக்க வேண்டும். 1886இல் 100 ஆட்டுக்கு 20 ஷில்லிங் என்றிருந்த வெட்டுக் கூலியைப் பதினேழரை ஷில்லிங்காகக் குறைக்கப் பார்த்ததும் வெட்டுக்காரர்கள் சங்கம் கட்டினார்கள். 1891இல் குயின்ஸ்லாந்தின் பார்கால்டின் பக்கம் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சங்கத்து ஆள்கள் அதிகமாய் நடமாடிய பாதைகளில், வந்து நின்றவர் சங்கத்தவரா, தனிக்கூலிக்கு வந்தவரா என்பதும் மாவு கிடைப்பதைத் தீர்மானித்தது.

வெட்டுக்காரர்களின் பேச்சிலும் தரப்படுத்தும் சொற்கள் உண்டு. கொட்டகையில் அதிகம் வெட்டுகிறவர் ரிங்கர், குறைவாக வெட்டுகிறவர் டிரம்மர். 1892இல் ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில் ஜாக்கி ஹோ கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளை வெட்டினார். ஆனால் ரிங்கராக இருந்தவரும் கொட்டகை முடிந்த மறுநாள் அதே பாதையில் அதே சுருளோடு நடந்தார். கையில் காசோலை இருக்கும்வரை அவர் வெட்டுக்காரர். அதை வழியிலிருந்த சாராயக்கடைக்காரரிடம் கொடுத்து, தீரும்வரை குடித்து முடித்தபின் அவரே ஸ்வாக்மேன். அடுத்த பண்ணைக்கு இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சன்டவுனர். ஒரே ஆள் ஒரே மாதத்தில் மூன்று பெயருக்கும் உரியவராக இருந்திருக்க முடியும்.

குதிரை, சைக்கிள், சரக்கு ரயில்

1893இல் வங்கிகள் சரிந்தன. 1890களின் நடுவில் தொடங்கிய வறட்சி 1902 வரை நீண்டு, நாட்டின் ஆட்டு மந்தையைப் பாதியாக்கியது. பாதையில் கூட்டம் பெருகி, கொடுக்கும் கை சுருங்கியது. சைக்கிள் வாங்க முடிந்த வெட்டுக்காரர்கள் அந்த ஆண்டுகளில் நடையை விட்டார்கள். கால்நடையாக மிஞ்சியவர்கள் இன்னும் கீழாகப் பார்க்கப்பட்டார்கள்.

பேக்மேன் முதலில் குதிரையில் பையோடு வந்தவர். 1930களின் பெருமந்தத்தில் அந்தச் சொல் சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராகப் போன வேலையற்றவருக்கு மாறியது. 1932இல் ஆஸ்திரேலியத் தொழிலாளர்களில் மூவரில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு வேலையின்மை நெருங்கியது. மாவைக் குவளையில் அளந்த பண்ணைக்குப் பதிலாக இப்போது காவல் நிலையம். வாரத்துக்கு ஒருமுறை உணவுச் சீட்டு. ஆனால் அடுத்த வாரச் சீட்டை அடுத்த ஊரில்தான் வாங்க வேண்டும் என்று விதி. வேலை இருக்கிறதோ இல்லையோ, நகர்ந்துகொண்டே இருந்தால்தான் சாப்பாடு. முன்பு பண்ணைகளின் இடைவெளி செய்ததை இப்போது அரசாணை செய்தது. புலப்படும் பிழைப்பு வழி இல்லை என்று பிடித்து உள்ளே போடப் பழைய அலைச்சல் சட்டம் வேறு தயாராக இருந்தது, நின்றாலும் குற்றம். 1932 ஜூலையில் கெய்ன்ஸ் நகரத்துப் பராமட்டா பார்க் கண்காட்சித் திடலில் தங்கியிருந்த பேக்மேன்களை ஊர்க்காரர்களும் காவலர்களும் சேர்ந்து தடியால் அடித்து விரட்டினார்கள். பேக்மேன் என்ற சொல்லை இந்தச் சம்பவத்தோடு சேர்த்துப் படிக்காதவர்களுக்கு அது வெறும் பழங்காலச் சொல்லாகத்தான் தெரியும்.

பட்டியலுக்கு வெளியே

இந்தச் சொற்கள் எல்லாமே கிட்டத்தட்ட வெள்ளைக்காரக் கூலிகளைப் பற்றியவை. வாலபி, பில்லபாங் (ஆறு விட்டுப்போன குட்டை) போன்ற சொற்களைத் தந்த ஆதிக்குடி மக்கள் இந்தப் பெயர்களில் இல்லை. வடக்கு மாட்டுப் பண்ணைகளின் வேலையில் பெரும்பங்கை அவர்கள்தான் செய்தார்கள்; அவர்களுக்கும் மாவு, இறைச்சி, சர்க்கரை, தேயிலை என்று படிதான் கிடைத்தது; பணம் மிகக் குறைவு, அல்லது இல்லை. மழைக்காலத்தில் மாட்டு வேலை நின்றதும் அவர்களும் தங்கள் நிலத்துக்குள் நடந்து போனார்கள். வெள்ளைக்காரர் பருவம் முடிந்து நடந்தால் வாலபியில் இருக்கிறான் என்ற வழக்கு, ஆதிக்குடி தொழிலாளி நடந்தால் வாக்கபவுட் என்று மாறியது. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்ற பொருளை அந்தச் சொல்லில் ஏற்றிவிட்டார்கள். உறவினரைக் காணவும் சடங்குக்கும் போகும் பயணம் அது என்பதைக் கேட்டறிய எவரும் முனையவில்லை.

1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில், வடக்கே இருந்த வேவ் ஹில் மாட்டுப் பண்ணையின் குரிஞ்சி என்ற ஆதிக்குடி மக்கள் ஏறத்தாழ 200 பேர் வேலையை விட்டு நடந்து வெளியேறினார்கள். தொடக்கத்தில் பலர் அதைக் கூலிச் சண்டையாகவே பார்த்தார்கள். அவர்கள் வாட்டி ஓடைப் பக்கம் குடியேறி, நிலத்தையே கேட்டபோதுதான் அது வேறு வகை நடை என்பது தெரிந்தது. 1968 டிசம்பரில் ஆதிக்குடி மாட்டுத் தொழிலாளர்களுக்குச் சமக்கூலி நடைமுறைக்கு வந்ததும், பல பண்ணைகள் அவர்களைக் குடும்பத்தோடு வெளியே அனுப்பின. ஊர் எல்லைகளில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கிய அந்தக் குடும்பங்களை ஸ்வாக்மேன் என்று யாரும் அழைக்கவில்லை.